சீனி டின்னில் உப்பு

அத்தியாயம் 6

மேனுகாவுக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது ஒரு தலையணை. கிடைத்தது ஒரு வழக்கு.

காப்புறுதிக் கம்பனி ஒன்றுக்காக இருபது வருடம் எரிந்த கடைகளையும் கவிழ்ந்த லொறிகளையும் விசாரித்துக் களைத்தவள் அவள். பிறகு மட்டக்களப்பு நகரில் சொந்தமாக ஒரு விசாரணை அறையைத் திறந்து அதிலும் களைத்துப்போயிருந்தாள். போன வாரம் முழுவதும் வாழைச்சேனைத் துறைமுகத்தில் காணாமல் போன ஒரு படகு எஞ்சினுக்குப் பின்னால் அலைந்ததில், முழங்கால்கள் இரண்டும் அவளோடு கோபித்துக்கொண்டிருந்தன.

"அக்கா, இது ஓடுற கேஸ் இல்ல," என்றான் ஷாமில். "இருந்து பாக்கிற கேஸ். கதிரை தருவாங்க."

ஷாமில் அவளுடைய உதவியாளன். காத்தான்குடிக்காரன். கம்ப்யூட்டர் திருத்தும் கடை ஒன்று வைத்து, நட்டப்பட்டுப் பூட்டியவன். கடையைத்தான் பூட்டினான், வாயை இல்லை.

உட்காரக் கதிரை தந்தார்கள். அவன் சொன்னது அதுவரைக்கும் சரி.

கல்லடியில் வாவியைப் பார்த்திருந்த அந்த வீட்டின் முன்னறைதான் ஜொய்சனும் டினோஷாவும் நடத்திய மென்பொருள் நிறுவனம். புருசனும் பெண்சாதியுமே முதலாளிகள், அவர்களே வேலையாட்கள். பத்து வருடத்துக்கு முன் ஜொய்சன் எழுதிய 'அத்தாங்கு' என்ற ஒரே ஒரு நிரல்தான் அவர்களுக்குச் சோறு போட்டது. அத்தாங்கு என்றால் வாவியில் இறால் அள்ளுகிற கைவலை. இந்த அத்தாங்கு மின்னஞ்சல்களை அள்ளியது. ஓர் அலுவலகத்தின் மடல்களையெல்லாம் இறக்கி, சொல் சொல்லாக அட்டவணை போட்டு வைத்துக்கொண்டு, கேட்ட மாத்திரத்தில் தேடிக் கொடுக்கும்.

இன்றைக்கு அந்த அறையில் இருவரும் ஆளுக்கொரு திசை பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். வாசல் ஓரமாக ஒரு பயணப் பை நின்றது. அவசரத்தில் ஸிப்பை இழுத்திருக்க வேண்டும். நீலக் கோடு போட்ட துணியின் நுனி ஒன்று அதில் மாட்டியிருந்தது. மேனுகா அதைப் பார்த்தாள். பார்ப்பது அவளுக்குப் பழக்கதோஷம்.

"சொல்லுங்க தம்பி," என்றாள் ஜொய்சனிடம்.

அவன் சொன்னான். ஓட்டமாவடியில் றம்லா என்ற பெண்மணி, வெளிநாட்டில் வேலை செய்பவர்களின் குடும்பங்களுக்கு உதவுகிற சின்ன நிலையம் ஒன்றை நடத்துகிறார். அவருடைய சொந்தத் தம்பி நஸீரே வளைகுடா நாடொன்றில் சாரதி. இப்போது அங்கே தடுப்புக் காவலில் இருக்கிறான். வேலையை விட்டு ஓடிவிட்டான் என்று கம்பனி முறைப்பாடு கொடுத்திருந்தது. உண்மையில், அவனை வேறு இடத்துக்கு அனுப்பியதே அந்தக் கம்பனியின் மேலாளர் பக்கீர்தான். அதை அவர் றம்லாவுக்கு இந்த வருடம் மின்னஞ்சலிலும் எழுதியிருக்கிறார். அந்த மடல்கள் இன்று பொழுது சாய்வதற்குள் அங்குள்ள வக்கீலுக்குப் போனால் நஸீர் வீட்டுக்கு வருவான். போகாவிட்டால் சிறைக்குப் போவான்.

திங்கட்கிழமை றம்லா அத்தாங்கில் பக்கீரின் பெயரைப் போட்டு, 'இந்த வருடம்' என்று தேடினார். ஒன்றுமில்லை என்று வந்தது. ஒரு மடல்கூட இல்லை.

"மெயில் பெட்டியில நேரா பாக்க ஏலாதா?"

"பெட்டி சின்னது. அத்தாங்கு இறக்கினதும் மாதா மாதம் கழுவித் துடைச்சிருவம். அவ நட்சத்திரம் போட்டு வெச்ச மெயில் மட்டும்தான் அதில நிக்கும். மத்ததெல்லாம் அவட கம்ப்யூட்டருக்குள்ளதான். அதையும் அவ வயரக் கழட்டி அலுமாரிக்குள்ள வெச்சிப் பூட்டிட்டா. வெளியாள் ஒராள் வந்து பாக்கும்வரைக்கும் எங்கட கை படப்படாதாம். இல்லாட்டி பொலிசுக்குப் போறாவாம். டினோதான் அழிச்சிட்டாவாம்."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

ஜொய்சன் வாவியைப் பார்த்தான். "வெள்ளிக்கிழம வேல செஞ்சது. திங்கக்கிழம செய்யல்ல. இடையில கை வெச்சது அவதானே."

"கேட்டீங்களா அக்கா," என்றாள் டினோஷா. அழுது முடித்த குரல். "நேத்தில இருந்து இதத்தான் சொல்றார். ஊராள் சொன்னாப் பரவால்ல. நான் மாங்கேணிக்குப் போறன், அம்மா வீட்ட."

"எத்தினை நாளைக்கு?"

"அத யோசிக்கல்ல."

மேனுகா நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். காணாமல் போன மடல்களைத் தேட வந்த இடத்தில் ஒரு குடித்தனமே காணாமல் போகப் பார்க்கிறது. "அப்பிடி என்ன கை வெச்சீங்க?"

"இவர் பத்து வருசமா எல்லாத்தையும் ஒரே பைலுக்குள்ள எழுதி வெச்சிருந்தார். மெயில் இறக்கிறது, அட்டவணை போடுறது, தேடுறது, காட்டுறது எல்லாம் ஒரே சட்டிக்குள்ள. ஒண்டத் தொட்டா மத்தது கொட்டும். நான் பிரிச்சி, ஒவ்வொண்டுக்கும் தனித்தனி இடம் குடுத்து அடுக்கினன். அவ்வளவுதான்."

"அடுக்கக்குள்ள ஏதாவது மாறியிருக்குமா?"

"மாறப்படாது. அதுதான் இந்த வேலைட ஒழுங்கு. வீடு அடுக்கிற மாதிரி. அரிசிச் சட்டி அடுத்த தட்டுக்குப் போகலாம், அரிசி குறையப்படாது."

அவளுக்குப் பின்னால் குசினி தெரிந்தது. தட்டில் ஒரே அளவான போத்தல்கள். ஒவ்வொன்றிலும் வெள்ளைக் காகிதத் துண்டு ஒட்டி மல்லி, சீரகம், சீனி என்று எழுதியிருந்தது. இந்தப் பெண் எதையும் கண்ணை மூடிக்கொண்டு வீசமாட்டாள் என்று மேனுகாவுக்குத் தோன்றியது.

"உங்களுக்கு விளங்காம ஏதும் இருந்திச்சா?"

"ஒண்டு இருந்திச்சி. ஒரு சின்னத் துண்டு. என்னத்துக்கு எண்டு ஒரு வரி விளக்கம் இல்ல. இவரக் கேட்டன், மறந்திட்டாராம். 'விளங்கவில்லை, தொடாதே' எண்டு மேல எழுதி, இருந்த இடத்திலயே விட்டிட்டன்."

அவள் தண்ணீர் எடுக்க உள்ளே போனாள். ஷாமில் அவளுடைய மடிக்கணினிக்கு முன்னால் குந்திவிட்டான். அத்தாங்கில் செய்த ஒவ்வொரு மாற்றமும், செய்தவர் பெயரோடும் ஒரு குறிப்போடும் அதில் வரிசையாக நின்றது.

"அக்கா, இது நல்ல கதப்புத்தகம். இஞ்ச பாருங்க, ஜொய்சன் பத்து வருசமா எழுதின குறிப்பு. 'சரி.' 'சரி.' 'இப்ப சரி.' 'இதுவும் சரி.' டினோஷா எழுதினது: 'தேடும் பகுதியைத் தனியாக மாற்றினேன். வேலை மாறவில்லை. சோதித்துப் பார்த்தேன்.' ஒராள் தந்தி, மத்த ஆள் கல்யாணக் கார்ட்."

ஜொய்சன் சிரிக்கவில்லை.

"கடைசியில தங்கச்சிக்கும் களைச்சிப் போயிருக்கு," என்று ஷாமில் இறங்கிக்கொண்டே போனான். "ஒரு இடத்தில அவவும் 'சரி' எண்டு மட்டும் போட்டிருக்கா."

மேனுகாவின் காதில் அது விழுந்தது. சோற்றில் கடிபட்ட மண் மாதிரி ஒரு நொடி நறநறத்துவிட்டுப் போய்விட்டது. நித்திரை இல்லாத மண்டைக்குள் எதுவும் நெடுநேரம் தங்குவதில்லை.

"எழும்பு," என்றாள். "ஓட்டமாவடிக்குப் போவம்."

"அங்கயும் கதிரை இருக்கும்தானே அக்கா?"

*

ஏறாவூர் தாண்டும்போதே வெயில் தார் ரோட்டில் தண்ணீர் காட்டத் தொடங்கியிருந்தது. மேனுகா மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு பக்கமாகச் சரிந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"நித்திர கொள்ளுறதெண்டா சொல்லிட்டுக் கொள்ளுங்க," என்று முன்னாலிருந்து குரல் வந்தது. "விழுந்தா கிறுகித் திரும்பி வந்து எடுக்கணும். பெற்றோல் செலவு."

"அவள் அழிக்கல்ல ஷாமில்."

"எப்பிடித் தெரியும்?"

"சீனிப் போத்தல்ல சீனி எண்டு எழுதி வெக்கிறவள் அவள்."

"அதக் கோர்ட்டில சொன்னா நீதவான் எழும்பி நிண்டு கை தட்டுவார்."

றம்லாவின் நிலையம் ஓட்டமாவடிப் பாலத்துக்குக் கிட்ட, அவருடைய வீட்டின் முன்னறையிலேயே இருந்தது. ஐம்பது வயதிருக்கும். நேற்றிரவு அவரும் நித்திரை கொள்ளவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அலுமாரியைத் திறந்து, கணினியைக் குழந்தையைத் தூக்குவது போல நெஞ்சோடு அணைத்து எடுத்து வந்து மேசையில் வைத்தார்.

"மிஸ், ஒண்டு சொல்றன். அந்தப் புள்ள வேணுமெண்டு செஞ்சிருக்கமாட்டா. ஆனா செஞ்சிட்டா. என்ட தம்பி அங்க கிடக்கான். உம்மா இல்லாத வீட்டில நான் வளத்த புள்ள அவன்."

"பாப்பம் றம்லா. முதல்ல ஷாமில் வயரெல்லாம் பூட்டட்டும்."

ஷாமில் வயர்களை ஒவ்வொன்றாகச் செருகினான். றம்லா பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்தார். "சீனி தட்டில இருக்கு. அளவாப் போட்டுக்கங்க."

சுவர்த் தட்டில் சீனி என்று கொட்டை எழுத்தில் எழுதிய தகர டின் நின்றது. ஷாமில் இரண்டு கரண்டி போட்டான். கலக்கினான். ஒரு வாய் குடித்தான். பிறகு கோப்பையை மேசையில் மிக மெதுவாக வைத்தான்.

"ராத்தா," என்றான். "இது வாவித் தண்ணியா, கடல் தண்ணியா?"

"அல்லாஹ். அந்த டின்னையா எடுத்தீங்க? அது உப்பு."

"சீனி எண்டு எழுதியிருக்கே."

"எழுதியிருக்கும். சீனி அந்த பிஸ்கட் டின்னில."

"அப்ப பிஸ்கட்?"

"கோப்பி டின்னில."

"கோப்பி எங்க எண்டு கேட்கவே பயமாக் கிடக்கு."

"கோப்பி நாங்க குடிக்கிறல்ல." றம்லா சிரிக்கும் மனநிலையில் இல்லை. "நல்ல டின் இருக்கக்குள்ள புதுசு வாங்கி என்னத்துக்கு? எதுக்குள்ள என்ன இருக்கெண்டு எனக்குத் தெரியும்தானே."

பாதி மூடியிருந்த மேனுகாவின் கண்கள் அப்போது முழுதாகத் திறந்தன. தட்டைப் பார்த்தாள். பால்மா டின்னிலிருந்து நூல்கண்டு எட்டிப் பார்த்தது. தேயிலை டின்னுக்குள் பேனைகள்.

"றம்லா, பக்கீருக்கு இப்ப ஒரு மெயில் எழுதிக் காட்டுங்க."

"இப்பவா? அவருக்கு என்னத்த எழுத?"

"என்னத்தையும் எழுத வேணாம். எழுதத் தொடங்கிறது எப்பிடி எண்டு மட்டும் காட்டுங்க."

றம்லா மின்னஞ்சல் பெட்டியைத் திறந்தார். நட்சத்திரம் போட்ட மடல்கள் நாலைந்து நின்றன. அதில் ஒன்றை அழுத்தினார். பச்சைப் பிறையும் மினாராவும் படமாக விரிந்தன. நஸீர் அந்தக் கம்பனியில் சேர்ந்த வருடம் பக்கீர் அனுப்பிய பெருநாள் வாழ்த்து. ஏழு வருடப் பழசு. றம்லா 'பதில்' என்பதை அழுத்தி, கீழே கிடந்ததையெல்லாம் துடைத்து, விரல்களை எழுத்துகளின் மேல் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"அவ்வளவுதான். மறுகா எழுதிறதுதான்."

"எப்பவும் இப்பிடித்தானா?"

"வேற எப்பிடி? அட்ரஸ் தேடத் தேவல்ல. அவரும் இதுக்கே பதில் போடுவார்."

ஷாமில் உப்புத் தேநீரை மறந்து எழுந்து நின்றான். கணினி விசயத்தில் அவனுக்கு விளக்கம் தேவையில்லை. "அக்கா. பதில் எண்டு அழுத்தினா அந்த மெயில் தாய் மெயிலுக்குப் பின்னால வால் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதுக்குப் பதில் போட்டா அதுவும் ஒட்டும். ஏழு வருசமா ஒரே வால். அத்தாங்கு வாலப் பாக்காது, தலைய மட்டும்தான் பாக்குது. தலைட வயசு ஏழு. 'இந்த வருசம்' எண்டு தேடினா..."

"வாசல்லயே திருப்பி அனுப்பிரும்," என்றாள் மேனுகா. "வருசத்த எடுத்திட்டுத் தேடு."

தேடினான். திரையில் ஒரே ஒரு வரி வந்தது. 'பெருநாள் வாழ்த்து.' அதன் பக்கத்தில் சின்னதாக ஓர் எண், மூன்று இலக்கத்தில்.

"இவ்வளவு நீட்டுக்கு வாழ்த்தினா பெருநாளே முடிஞ்சிரும்," என்று சொல்லிக்கொண்டு ஷாமில் அதை விரித்தான்.

மடல்கள் கொட்டின. சம்பளம் அனுப்பிய செய்தி, நஸீரின் காய்ச்சல், விடுமுறை, விசா. கீழே போகப் போக வருடங்கள் கிட்ட வந்தன. இந்த வருடம் வந்தது. பக்கீர் எழுதியிருந்தார்: நஸீரை அடுத்த வாரம் முதல் இரண்டாவது வேலைத்தளத்துக்கு அனுப்புகிறோம், நீங்கள் பயப்பட வேண்டாம், இது கம்பனியின் உத்தரவு.

றம்லா அந்த வரியை மூன்று தரம் வாசித்தார். சேலைத் தலைப்பை வாயில் வைத்துப் பொத்திக்கொண்டார். சத்தமே வரவில்லை, தோள்கள் மட்டும் குலுங்கின. ஷாமிலே உட்கார்ந்து, அந்த மடல்களை ஒன்று விடாமல் வக்கீலுக்கு அனுப்பி, போய்ச் சேர்ந்ததா என்று போனில் கேட்டும் விட்டான். சேர்ந்திருந்தது.

"அந்தப் புள்ளைய என்னென்னமோ பேசிட்டன் மிஸ்," என்றார் றம்லா. "என்ட டின் பழக்கமா இவ்வளவத்தையும் செஞ்சது?"

மேனுகா போனில் டினோஷாவை அழைத்தாள். நடந்ததைக் கேட்டதும் அந்தப் பக்கத்தில் ஒரு நீண்ட மூச்சு வந்தது. அதற்குப் பின்னால் வந்தது நிம்மதி இல்லை.

"ஆனா அக்கா, வெள்ளிக்கிழம வரைக்கும் அவக்கு ஒவ்வொரு மெயிலும் தனித்தனியாத்தானே வந்தது. வாலப் பிரிச்சிக் காட்ட ஏதோ ஒண்டு உள்ளுக்க இருந்திருக்கணும்." நிறுத்தினாள். "அந்தத் துண்டு. நான் விளங்காம விட்ட துண்டு. இருங்க."

விசைகள் தட்டுப்படும் சத்தம் கேட்டது.

"இல்ல அக்கா. அது இல்ல. அழிச்சிக் கிடக்கு, என்ட பேரில. நான் செய்யல்ல. சத்தியமா நான் செய்யல்ல." குரல் தேய்ந்தது. "இனி அவர் சொல்லுவார், பாத்தியா எண்டு."

"அழிச்ச இடத்தில குறிப்பு என்ன கிடக்கு?"

"'சரி' எண்டு மட்டும்."

சோற்றில் கடிபட்ட மண் திரும்பவும் நறநறத்தது. "எப்ப?"

"ஞாயிற்றுக்கிழம காலம."

"ஞாயிறு காலம நீங்க எங்க?"

"மாதா கோயில்ல. பூசையில பாட்டுக் குழுவோட..."

டினோஷா அந்த வசனத்தை முடிக்கவில்லை.

"அவருக்கு ஒண்டும் சொல்லாதீங்க," என்றாள் மேனுகா. "நாங்க வாறம்."

*

கல்லடிக்குத் திரும்பும்போது வாவி செம்பு நிறத்துக்கு வந்திருந்தது. ஜொய்சன் அதே கதிரையில் இருந்தான். மடல்கள் கிடைத்த செய்தியை றம்லாவே அழைத்து அவனுக்குச் சொல்லி, டினோஷாவிடம் மன்னிப்பும் கேட்டிருந்தார். அவன் முகம் ஓரளவு தெளிந்திருந்தது.

"தம்பி," என்றாள் மேனுகா, "ஞாயிறு பூசைக்கு ஏன் போகல்ல?"

"காய்ச்சல் மாதிரி இருந்திச்சி."

"காய்ச்சலோட என்ன செஞ்சீங்க?"

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் அவனைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள், கையைக் கட்டிக்கொண்டு.

"தந்தி அடிக்கிறவர் இப்ப கொஞ்சம் விரிவாச் சொல்லணும்," என்றான் ஷாமில்.

ஜொய்சனுக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. விளங்கியதும் கதிரையை டினோஷா பக்கம் திருப்பினான்.

"அந்தத் துண்டு," என்றான். "நீ சனிக்கிழம முழுக்க அதோட மல்லுக்கட்டினாய். சாப்பிடவும் இல்ல. அது ஒண்டுதான் ஒழுங்கில்லாமக் கிடந்தது. அத எடுத்திட்டா நீ வந்ததும் முடிச்சிட்டுப் படுப்பாய் எண்டு நினைச்சன். திங்கக்கிழம மாங்கேணிக்குப் போகலாமெண்டு ரெண்டு பேரும் கதைச்சிருந்தம்தானே. உன்ட மெசின் திறந்து கிடந்தது."

"தொடாதே எண்டு எழுதியிருந்தன்."

"ஓம்."

"வந்து முடிச்சி, அண்டைக்கே றம்லா அக்காட கம்ப்யூட்டருக்கு அனுப்பினன், அந்தத் துண்டுப் பக்கம் நான் திரும்பிப் பாக்கவும் இல்ல. நேத்தில இருந்து ஒருக்காவாவது இது உங்கட மண்டைக்குள்ள வரல்லயா?"

"ஒண்டுக்கும் உதவாத துண்டு எண்டுதான் நினைச்சன், டினோ. உன்ட பிரிப்பிலதான் பிழை எண்டு..."

"அத முதல்ல எழுதினது யார் தம்பி?" என்று மேனுகா கேட்டாள். கேட்கத் தேவையில்லைதான். ஆனால் அவன் வாயால் வர வேண்டும்.

ஜொய்சன் முகத்தை இரண்டு கையாலும் துடைத்தான். "நான்தான். றம்லா அக்காக்காக. ஆறேழு வருசத்துக்கு முந்தி அவ போன் எடுத்து, எல்லா மெயிலும் ஒண்டுக்குள்ள ஒண்டு போய் ஒளியுது எண்டு ஏசினா. அண்டைக்கே எழுதிக் குடுத்தன். இப்பதான் ஞாபகம் வருது."

"அண்டைக்குக் குறிப்பில என்ன போட்டீங்க?" என்றான் ஷாமில்.

"'சரி' எண்டுதான்," என்றான் ஜொய்சன். எல்லோருக்கும் தெரிந்த பதில்தான் அது.

டினோஷா மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்தாள். அழிந்த துண்டை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தாள். அதன் தலைக்கு மேல் இரண்டு வரி எழுதினாள். ஷாமில் தோளுக்கு மேலால் எட்டி உரக்க வாசித்தான்.

"'இது றம்லா அக்காவுக்காக. அவர் எப்போதும் பழைய மடலுக்கே பதில் எழுதுவார். ஜொய்சன், தொடாதீங்க.'"

அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். "நான் மாங்கேணிக்குப் போறன்தான்."

ஜொய்சன் பாதி எழுந்தவன் அப்படியே நின்றான். "டினோ."

"கடைசி பஸ் இருக்கு. சும்மா நிக்காம அந்தப் பையத் தூக்குங்க."

அவன் வந்து தூக்கினான். "நான் உடுப்பு ஒண்டும்..." என்று தொடங்கியவன் ஸிப்பைப் பார்த்தான். நீலக் கோடு போட்ட துணியை மெல்ல விடுவித்து இழுத்தான். அது ஒரு சட்டைக் கை. அவனுடைய சட்டை. ஞாயிறு மாலையே இருவருக்குமாக அடுக்கிய பை அது. இத்தனை சண்டைக்குப் பிறகும் அவள் அதைப் பிரித்து அடுக்கவில்லை.

அவன் அந்தச் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். டினோஷா வாவிப் பக்கம் திரும்பிக்கொண்டு, "பஸ் காத்துக்கொண்டிருக்காது," என்றாள்.

வெளியே ஷாமில் மோட்டார் சைக்கிளைக் கிளப்பினான். மேனுகா முனகிக்கொண்டே ஏறிக் குந்தினாள்.

"அக்கா, அந்தச் சட்டை உங்களுக்கு முதல்லயே தெரியுமா?"

"காலமயே."

"அப்ப மறுகா ஏன் சொல்லல்ல? பாவம், ரெண்டு பேரும் ஒரு நாள் முழுக்கச் செத்துப் பிழைச்சாங்க."

"என்னய மெயில் தேடத்தானே கூப்பிட்டாங்க," என்றாள் மேனுகா, அவன் முதுகில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு. "மெதுவாப் போ. நான் நித்திர கொள்ளப் போறன். சொல்லிட்டன்."